பொருள்: பிழை திருத்தக் கோருதல் தொடர்பாக

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். உள்ளே கடிதங்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இடது ஓரத்தில் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், அப்புறம் ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’, அப்புறம் ‘பொருள்: விக்கிப் பக்கத்தில் உள்ள பிழையைத் திருத்தக் கோருதல் தொடர்பாக’. கடைசியில் ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று ஒரு கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த கடித அமைப்பை எங்கள் ஊர்க்காரர்கள் சாகும்வரை மறப்பதில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பிழைகளை அவர்களே திருத்தலாம். அதற்காகத்தான் எங்கள் ஊருக்கென்று நாங்கள் தொடங்கிய அந்த இணைய விக்கியே. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘திருத்து’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்த ஒரு விரல் போதும். கடிதம் எழுத ஒரு தாளும் பேனாவும் அரைமணி நேரமும் வேண்டும். ஆனாலும் கடிதம்தான் வந்தது.

நான் ராஜபாளையத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். என் தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. அவள் எதையும் நான்கு தடவை யோசிப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

விக்கி யோசனை அவளுடையதுதான். வருடா வருடம் பிள்ளைகள் ‘எங்கள் ஊர்’ என்று ஒப்படைவு எழுதி வருவார்கள். எல்லாம் இணையத்திலிருந்து இறக்கியது. எல்லா நோட்டிலும் அதே கோபுரப் படம், அதே பத்து வரி. திருத்தித் திருத்தி அவளுக்கு வெறுத்துவிட்டது. “நம்ம ஊரப் பத்தி நம்மளே எழுதி வைப்போம்க்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எழுதட்டும், ஒன் நூலகத்துக்கு வர்றவங்களும் எழுதட்டும்” என்றாள். ஒருவர் தொடங்கிய பக்கத்தை அடுத்தவர் வளர்க்கலாம், தவறு இருந்தால் யாரும் திருத்தலாம். அதுதான் விக்கி. எனக்குக் கேட்டவுடனே பிடித்துவிட்டது.

எந்த விக்கி என்று முடிவு செய்யவே மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முதலில் பார்த்தது இலவசம். ஆனால் தேரோட்டம் பற்றி நாங்கள் சோதனைக்கு எழுதிய பக்கத்தின் ஓரத்தில் வழுக்கைத் தலையில் முடி முளைக்க வைக்கும் எண்ணெய்க்கு விளம்பரம் வந்தது. இரண்டாவது பார்க்க அழகு. ஆனால் தமிழ் எழுத்து உடைந்தது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். போதாக்குறைக்கு ஒவ்வொருவரிடமும் கைபேசி எண் கேட்டது. “பொம்பளப் பிள்ளைக நம்பர எவன்ட்டயோ குடுக்கவா?” என்று தங்கை அதை அப்போதே மூடினாள்.

மூன்றாவது பார்க்க ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. ஆனால் தமிழ் ஒழுங்காக வந்தது, விளம்பரம் இல்லை, பள்ளிக்கூடத்துக் கணினியிலேயே நிறுவி, என் நூலகக் கணினியிலும் திறந்துகொள்ள முடிந்தது. பெயர் வேண்டாம், எண் போதும். பிள்ளைகளுக்கு வகுப்பு வரிசை எண், என் வாசகர்களுக்கு நூலக உறுப்பினர் எண். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘வரலாறு’ என்று ஒரு தாவல் இருந்தது. யார் எப்போது எதை மாற்றினாலும் அதில் பழையது அப்படியே இருக்கும். வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம். நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம்.

சண்டை அதற்குப் பிறகுதான். ஆசிரியர் பார்த்து அனுமதித்தால்தான் மாற்றம் ஏற வேண்டும் என்று தங்கை சொன்னாள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதையாகிவிடும் என்று பயந்தாள். நான் விடவில்லை. என் நூலகத்துக்கு வருகிறவர்கள் வருடக்கணக்காகத் தலை குனிந்து படித்துவிட்டுப் போகிறவர்கள். மில்லில் நூல் ஓட்டுகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் ஒரு வரியாவது தங்கள் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே இருந்தது. அதற்குப் போய் அனுமதிச் சீட்டா?

கடைசியில் தங்கை பள்ளியின் தலைமையாசிரியைதான் தீர்ப்புச் சொன்னார். “அரையாண்டுத் தேர்வு முடியிற வரைக்கும் திறந்தே இருக்கட்டும். ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் துணிஞ்சு திருத்துறாங்களான்னு பார்ப்போம். ஒருத்தர்கூடத் திருத்தலன்னா எதுக்குத் திறந்து வைக்கணும்? பூட்டிட்டு மூணு டீச்சர் மட்டும் எழுதட்டும்.” நான் சரி என்றேன். திறந்து வைத்தால் மக்கள் வந்து குவிவார்கள் என்று நினைத்தேன்.

தொடக்கப் பக்கங்களை நாங்கள் சிலர் எழுதிப் போட்டோம். என் பங்குக்கு அய்யனார் கோவில் அருவி, செண்பகத்தோப்பு, எங்கள் நூலகம் என்று ஏழெட்டுப் பக்கம் எழுதினேன். நூலகப் பக்கத்தில் ‘நூலகர் வாசகர்களிடம் எப்போதும் இன்முகத்துடன் பழகுவார்’ என்று ஒரு வரி சேர்த்தேன். தங்கை அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் புரையேறச் சிரித்தாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் வந்தார்கள், படித்தார்கள், “அருமையா இருக்கு” என்றார்கள். திருத்து பொத்தானை மட்டும் ஒருவரும் தொடவில்லை. கடிதங்கள் வர ஆரம்பித்தன. சப்பட்டை மாம்பழம் எந்த மாதம் இறங்கும் என்று ஒருவர். வாரச் சந்தை இடம் மாறிவிட்டது என்று ஒருவர். ‘தாங்கள் எழுதியது தவறு என்று கூறவில்லை, முழுவதும் சரி என்றும் கூற இயலாத நிலையில் உள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று ஒரு ஓய்வுபெற்ற மில் மேஸ்திரி. தங்கை பள்ளியிலும் இதே கூத்து. பிள்ளைகள் விக்கியின் உரையாடல் பக்கத்தில் போய் அனுப்புநர், பெறுநர் போட்டு விண்ணப்பம் எழுதினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘கடிதம் தர வேண்டாம். திருத்து என்ற பொத்தானை அழுத்தவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டினேன். மறுநாள் ஒரு கடிதம் வந்தது. பொருள்: அறிவிப்புத் தாள் கணினித் திரையை மறைப்பது தொடர்பாக. அதற்குப் பிறகு வந்த கடிதங்களை நான் பிரிக்கவே இல்லை. வாங்குவேன், இழுப்பறையில் போடுவேன். படித்தால் திருத்தத் தோன்றும், நான் திருத்தினால் அவர்கள் எப்போது திருத்துவது? இது என் கொள்கை. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களில் ஒரு பெண் பேண்டேஜ் துணி மில்லில் வேலை செய்கிறவர். சோழபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணி வாக்கில் வந்து, செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டு பஸ்ஸுக்குப் போவார். சத்தமில்லாத ஆள். ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

“அக்கா, அய்யனார் கோவில் ஓடையப் பத்தி எழுதியிருக்கீங்கள்ல, கணுக்கால் தண்ணின்னா பயமில்லாம எறங்கலாம்னு. அது அப்படி இல்லக்கா. தண்ணி எம்புட்டு இருக்குன்னு பாக்கக் கூடாது, எப்படி வருதுன்னு பாக்கணும். இங்க வெயிலு சுள்ளுன்னு அடிக்கும், மேல மலையில மழ பேஞ்சிருக்கும். மொதல்ல சருகும் குச்சியும் மெதந்து வரும். பொறவு தண்ணி கலங்கும். அப்பவே கரையேறிடணும். எங்கப்பா அந்த அடிவாரத் தோப்புலதான் காவல் இருந்தாரு. எங்க மதினி கணுக்கால் தண்ணியில அண்டா தேச்சிக்கிட்டு இருந்தாவ. அண்டா போயே போச்சு. அவிய தப்பிச்சதே பெருசு.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இத்தனை நாள் தவம் கிடந்ததற்கு ஒருவர் வந்திருக்கிறார், உட்காருங்கள், நீங்களே எழுதுங்கள் என்றுதானே? என் வாயில் வந்தது வேறு.

“நான் முப்பது வருசமா அந்த அருவிக்குப் போயிட்டு வாரேன். எனக்குத் தெரியாதா?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “தெரியும்க்கா. சும்மா சொன்னேன்” என்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அப்போதே எனக்கு உறைத்தது. ஆனால் கூப்பிட்டுச் சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாலு மணி ஆனால் நான் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த வாரக் கடைசியில் தங்கை போன் செய்தாள். தேர்வுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போகிறார்களாம். “ஒன் பக்கத்த அப்படியே பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்னு குடுக்கப் போறேன். அதுவாவது உபயோகப்படட்டும்” என்று சிரித்தாள். எனக்கு அந்தக் கணுக்கால் வரி நினைவுக்கு வந்தது. “ஏட்டி, பிரிண்ட் எடுக்காத. நான் சொல்லுற வரைக்கும் எடுக்காத” என்று போனை வைத்தேன்.

இழுப்பறையைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். அருவிப் பக்கத்தைப் பற்றி மட்டும் மூன்று கடிதங்கள் இருந்தன. மூன்றும் ஓடையைப் பற்றித்தான். மூன்றில் பழையது அந்த மில் பெண்ணுடையது. என்னிடம் நேரில் வந்து சொல்வதற்கு மூன்று வாரம் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கையால் வாங்கி உள்ளே போட்டிருக்கிறேன். ‘தாங்கள் எழுதியதில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சிறு பிள்ளைகள் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்’ என்று ஆரம்பித்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

உடனே கணினியில் உட்கார்ந்து அந்தக் கணுக்கால் வரியை நீக்கினேன். அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. தட்டச்சு செய்யக் கையும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, நான் எழுதினால் வரலாற்றில் என் எண் வரும். அவர் அப்பா காவல் இருந்த இடம், அவர் மதினியின் அண்டா, என் எண்ணில் எதற்கு வர வேண்டும்? கையை எடுத்துவிட்டேன். வெகுநேரம் யோசித்து, அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: ‘ஓடையில் எப்போது இறங்கலாம், எப்போது கரையேற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இங்கே எழுதவும்.’

‘எனக்குத் தெரியாது’ என்று அடிக்கும்போது கை கூசியது. நூலகர் வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் எழுத்தில் எங்கேயும் அப்படிச் சொன்னதில்லை. தங்கையிடம், அந்த இடம் நிரம்பாவிட்டால் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாதே என்று சொல்லி வைத்தேன்.

எட்டு நாள் கழித்து நாலு மணிக்கு அவர் வந்தார். “ஷிப்ட் மாத்திட்டாங்கக்கா” என்றார். நம்பலாமா என்று தெரியவில்லை. நான் எழுந்து போய், “அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க சொன்னதுதான் சரி” என்றேன். அவர், “இருக்கட்டும்க்கா, இருக்கட்டும்” என்று என்னைவிட அதிகமாகக் கூசினார். கணினிக்குக் கூட்டிப்போய் அருவிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

“என்னக்கா, எடம் காலியாக் கெடக்கு?”

“ஆமா. நீங்க எழுதணும்.”

“அழிக்க வேண்டாம்ல?”

“அழிக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு?”

அவர் முகம் தெளிந்தது. “அதான்க்கா சங்கடம். பஸ்ல உக்காந்திருக்கவங்கள எந்திரின்னு சொல்ல முடியுமா? காலி சீட்டுன்னா யாரும் உக்காந்துக்கிடலாம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இத்தனை மாதம் எனக்குப் புரியாதது இதுதான். சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. ஒருவர் எழுதியதை அவர் கண்ணெதிரே அழிப்பது எங்கள் ஊர்ப் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அவ்வளவுதான். தங்கையைப் பார்க்க வாரம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் ஆறு வரி எழுதினார். சருகு, குச்சி, கலங்கல், கரையேறுதல் எல்லாம் வரிசையாக வந்தது. கடைசி வரி: ‘பாத்திரம் போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.’ சேமித்துவிட்டு, வரலாற்றில் தன் உறுப்பினர் எண் வந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் அருவிக்குப் போய் வந்தார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியதாம். கரையிலிருந்த மரத்திலிருந்து நாலு இலை உதிர்ந்து மிதந்ததற்கே மொத்த வகுப்பும் அலறிக்கொண்டு மேலே ஏறிவிட்டதாம். “குளிக்கவே விடலக்கா ஒன் பக்கம்” என்று தங்கை குறைப்பட்டுக்கொண்டாள். “என் பக்கம் இல்ல” என்றேன்.

அதன் பிறகு இழுப்பறைக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கெங்கே தவறு என்று சொல்லியிருந்தார்களோ அங்கெல்லாம் எங்கள் வரியை எடுத்துவிட்டு, ‘தெரிந்தவர்கள் எழுதவும்’ என்று இடம் விட்டேன். கடிதம் கொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி பழைய ஷிப்ட் சங்கு எத்தனை தடவை ஊதும் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினார். தங்கை பள்ளியிலும் இடம் விட்டார்கள், பிள்ளைகள் அவரவர் தெருவைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். எனக்கு எல்லாம் கைகூடிவிட்டது போல இருந்தது.

தங்கைதான் கணக்கு டீச்சர் மாதிரி நிபந்தனையை எடுத்து நீட்டினாள். “காலி எடத்த நிரப்புனது சரிக்கா. ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் திருத்தணும்னுதான மேடம் சொன்னாங்க? அது ஒன்னுகூட நடக்கலையே. நாளக் கழிச்சு பரீட்ச முடியுது.” அவள் சொன்னது நியாயம். பூட்டிவிட்டால் பிள்ளைகள் நிரப்புவது நின்றுவிடும், என் வாசகர்கள் மறுபடியும் தலை குனிந்து படிக்கப் போய்விடுவார்கள். அதை நினைத்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மில் பெண் வந்தபோது வரலாற்றுத் தாவலைத் திறந்து காட்டினேன். நான் நீக்கிய கணுக்கால் வரி அங்கே பத்திரமாக இருந்தது. அவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“அப்ப நெசமாவே எதுவும் அழியாதாக்கா? பழசு இருந்துக்கிட்டே இருக்குமா?”

“இருக்கும். நீங்க மாத்தினா எந்திரிச்சு நிக்காது, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிடும்.”

சிரித்தார். செய்தித்தாளைப் படித்துவிட்டு, கணினி முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

கடைசித் தேர்வன்று மதியம் தலைமையாசிரியையும் தங்கையும் நூலகத்துக்கே வந்துவிட்டார்கள். தலைமையாசிரியை கணினியில் உட்கார்ந்து ‘அண்மைய மாற்றங்கள்’ என்ற பட்டியலைத் திறந்தார். முதல் வரியிலேயே எங்கள் நூலகப் பக்கம் இருந்தது. நான் எழுதிய வரி ஒன்று மாறியிருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

“‘நூலகர் கோபக்காரர். சத்தம் போட்டால் திட்டுவார். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வார்.’”

மாற்றியதற்கான காரணம் எழுதும் பெட்டியில், ‘தப்பாக இருந்தது. மாற்றிவிட்டேன்’ என்று இருந்தது. அனுப்புநர் இல்லை, பெறுநர் இல்லை, அம்மையீர் இல்லை. பக்கத்தில் ஒரு உறுப்பினர் எண். அது யாருடையது என்று எனக்கு ஏட்டைப் பார்க்காமலே தெரியும்.

“இது உண்மையா?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

“முத ரெண்டும் உண்மை மேடம்” என்றாள் தங்கை. “மூணாவது எனக்கே புதுசு.”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். மீட்டெடுக்கும் பொத்தான் அந்த வரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். “அப்ப பூட்டு வேண்டாம்” என்று அவர் எழுந்துகொண்டார்.

நாலு மணிக்கு மில் பெண் வந்தார். நேராகச் செய்தித்தாள் பக்கம் போகாமல், என் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

“அக்கா, கோவமா?”

“ஆமா” என்றேன். “அதான் எழுதியிருக்குல்ல.”